மோடியும் முறையும்
மட்டக்களப்பு வாவிக்கரையின் பாட்டும் கூத்தும் பெற்ற பெயர்கள்

மட்டக்களப்பை மீன்பாடுந் தேனாடு என்பர். 1848ஆம் ஆண்டில் இங்கு வந்த எமேர்சன் தெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி இரவிலே படகேறி வாவியின் ஒலியைக் கேட்டு, 1859இல் வெளியிட்ட தமது இலங்கை பற்றிய நூலிலே அதனை விரித்தெழுதினார். நமது சுவாமி விபுலாநந்தரோ அவ்வொலியை நீரரமகளிரின் இன்னிசையாகக் கண்டு பாடலாக்கினார். முன்னவர் அதனை இயற்கையாராய்ச்சி என்னும் வகையிற் சேர்த்தார்; பின்னவர் கவிதை என்னும் வகையிற் சேர்த்தார். ஒலி ஒன்றே. ஆயினும் எவ்வகையிற் சேர்க்கின்றோம் என்பதைப் பொறுத்து, அதனைக் கேட்கும் நமது செவியும் மதிக்கும் நமது மனமும் வேறாகிவிடுகின்றன.

பாட்டையும் கூத்தையும் பற்றிப் பேசப் புகும்போது இவ்வுண்மையை மனத்திற்கொள்ளுதல் நலம். கர்நாடக இசை, மெல்லிசை, நாட்டார் பாடல், பொப், பைலா என்றெல்லாம் இன்று நாம் வகுத்து வழங்குகின்றோம். இப்பெயர்கள் தாமாக முளைத்தனவல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறப்பு உண்டு; ஒவ்வொன்றையும் ஒரு தேவை பிறப்பித்தது. அவற்றின் வரலாற்றை அறியாமல் பெயரை மாத்திரம் பற்றிக்கொண்டால், கலைக்குப் பெயர் பணிசெய்வது போய்ப் பெயருக்குக் கலை பணிசெய்யும் நிலை வந்துவிடும். நமது வாவிக்கரையின் வரலாறே இதற்குத் தக்க சான்றாகும்.

முன்னோர் வகுத்த வகைகள்

வகுத்தல் தமிழருக்குப் புதியதன்று. மொழியையே இயல், இசை, நாடகம் என முத்திறப்படுத்தியவர் நம் முன்னோர். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய ஆடல்கள் பதினொன்று எனக் கணக்கிடப்பட்டுள்ளன. கடற்கரையிலே கானல்வரி, ஆயர்பாடியிலே ஆய்ச்சியர் குரவை, மலையிலே குன்றக்குரவை, பாலையிலே வேட்டுவ வரி என நிலத்துக்கும் தொழிலுக்கும் ஏற்பப் பாட்டின் வகை மாறுவதையும் இளங்கோவடிகள் காட்டுகின்றார்.

அரங்கேற்று காதையில் இருவகைக் கூத்தென ஒரு குறிப்பு வருகின்றது. அவ்விரண்டும் எவை என்பதற்கு உரையாசிரியர் அடியார்க்குநல்லார் ஒரு விடையோடு அமையவில்லை. வசைக்கூத்து, புகழ்க்கூத்து என்பார். வேத்தியல், பொதுவியல் என்பார். சாந்தி, விநோதம் என்பார். ஆரியம், தமிழ் என்பார். இங்ஙனம் இணை இணையாக அடுக்கிச் செல்கின்றார். இதனைக் குழப்பமென்று கொள்ளற்க. ஒரே கூத்தினை நோக்கத்தால் வகுக்கலாம், ஆடும் இடத்தால் வகுக்கலாம், வழங்கும் மக்களால் வகுக்கலாம் என்பதே அவ்வுரையின் பொருள். அரசன் முன் ஆடுவது வேத்தியல். எல்லோர்க்கும் ஆடுவது பொதுவியல். இன்று சாஸ்திரீயம் என்றும் ஜனரஞ்சகம் என்றும் நாம் பிரிப்பது அப்பழைய வேத்தியல் பொதுவியற் பிரிவின் மறுவடிவமே.

காரைதீவிலே 1892இல் பிறந்து, மிஷன் பாடசாலைகளிலே ஆங்கிலங் கற்று, பின்னர்த் துறவு பூண்ட விபுலாநந்தர் இவ்வகுப்புகளை ஆழ்ந்து கற்றவர். 1926இல் வெளிவந்த மதங்கசூளாமணியில் அவர் ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும், பத்துவகை நாடகங்களை இலக்கணப்படுத்தும் தசரூபகத்தையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தார். 1947 யூன் மாதத்தில் யாழ்நூலை அரங்கேற்றி அடுத்த மாதமே மறைந்தார். இருமொழி நாடக மரபுகளை எதிரெதிர் நிறுத்தாது அருகருகே வைத்து நோக்கிய அவரது முறையே, மிஷன் பாடசாலைகளிற் பயின்ற நம்மனோர்க்கு அவர் விட்டுச்சென்ற பெரும் பாடம்.

வாவிக்கரையின் வகுப்பு

ஏட்டு வகுப்புகளை விட்டு வயலுக்கும் வாடிக்கும் வருவோம். நமது கிராமங்களிலே பாட்டின் வகை தொழிலோடும் வாழ்வோடும் ஒட்டியே பிறந்தது. குழந்தைக்குத் தாலாட்டு, இறந்தோர்க்கு ஒப்பாரி, உழவுக்கு ஏர்ப்பாட்டு, சூடு மிதிக்குங் களத்திலே பொலிப்பாட்டு, தோணி வலிப்போர்க்கு அம்பாப்பாட்டு, ஊஞ்சலுக்கு ஊஞ்சற்பாட்டு. இவற்றைப் பாடியோர் ஒருவரும் தாம் நாட்டார் பாடல் பாடுவதாக எண்ணியதில்லை. களத்திலே பாடவேண்டியதைக் களத்திலே பாடினர், அவ்வளவே. கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்படும் கண்ணகி வழக்குரைக்கு வேறு முறை. வசந்தன் கூத்தில் கோலடித்து ஆடும்போது பாடுவதற்கு வேறு முறை. முஸ்லிம் ஊர்களிலே பொல்லடிக்கும் கவிக்கும் தனித்தனி முறைகள் உண்டு.

இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது கூத்து. கூத்தினை நம்மவர் வடமோடி, தென்மோடி என இருமோடியாகப் பிரித்தனர். வடமோடியின் கதைகள் பெரும்பாலும் பாரதத்திலும் இராமாயணத்திலும் நின்று வருவன. போர் அதன் உயிர்நாடி. பாரமான முடியும் விரிந்து நிற்கும் கரப்புடுப்பும் தரித்த வீரர் களரி அதிர ஆடுவர். தென்மோடியிலோ காதலும் கற்பனைக் கதைகளும் மிகுதி, உடுப்பு மென்மையானது, ஆட்டம் நுணுக்கமானது, பாட்டு நீண்டு குழைந்து செல்வது. இரண்டுக்கும் மத்தளமும் சல்லரியும் பொது, வட்டக்களரியும் பொது, அண்ணாவியாரின் ஆட்சியும் பொது. வடக்கென்றது எந்த வடக்கை, தெற்கென்றது எந்தத் தெற்கை என்பதில் அறிஞர்களிடையே ஒருமைப்பாடு இல்லை. ஆனால் களரியைச் சுற்றி அமர்ந்தோர்க்கு அந்த ஐயம் ஒருபோதும் எழுந்ததில்லை. தாளக்கட்டு முழங்கிய அக்கணமே எந்த மோடி என்பதை அவர்கள் அறிந்தனர். எதனை எதிர்பார்க்கலாம் என்பதையும் அறிந்தனர்.

வகை என்பதன் முதற்பயன் இதுவே. அஃது ஆடுவோனுக்கும் காண்போனுக்கும் இடையே எழுதப்படாத ஓர் உடன்படிக்கை. சட்டங்கொடுத்து, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அதன் பின்னரே அரங்கேறும் கூத்தனுக்கு மோடி ஒரு கருவி. மாதக்கணக்காகப் பழகிய காலுக்கு அதுவே வழித்தடம். காண்போனுக்கோ அது ஓர் அளவுகோல். வடமோடி வீரன் தென்மோடிக் குழைவோடு ஆடினால் முன்வரிசைக் கிழவர் முகஞ்சுளிப்பார். வரம்பறிந்த ஒருவன் அவ்வரம்பினுள்ளேயே புதுமை காட்டினால் அவரே தலையசைப்பார். வரம்பில்லாத வயலில் நீர் நில்லாது என்பதை நமது உழவர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

இங்கே மற்றொன்றையும் நோக்குதல் வேண்டும். இரண்டாகப் பிரிதல் நமது நாட்டின் பழைய விளையாட்டு. கொம்புமுறி விளையாட்டிலே ஊரார் கோவலன் பக்கம் வடசேரி, கண்ணகி பக்கம் தென்சேரி எனப் பிரிந்து கொம்புகளைப் பூட்டி இழுப்பர்; வென்றோர் தோற்றோரை வசைபாடுவர். ஆயினும் இரு சேரியாரும் தொழுவது ஓர் அம்மனையே. வடசேரி உயர்ந்தது, தென்சேரி தாழ்ந்தது என்று யாரும் சொல்லார். மோடிப் பிரிவும் அத்தகையதே. அது கிடையாக வரைந்த கோடு; மேல்கீழாகக் கட்டிய படியன்று.

வெளியிலிருந்து வந்த பெயர்கள்

படி பின்னர் வந்தது. 1814இல் வில்லியம் ஓல்ற் என்னும் மெதடிஸ்த பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்து கல்விப்பணி தொடங்கினார். அவர்வழி வந்த ஆங்கிலக் கல்வி நமக்கு உலகத்தைக் காட்டியது. அதனை மறுப்பது நன்றிகெட்ட செயலாகும். ஆனால் படித்தவர் அரங்கிற்கு ஞானப்பாட்டும் ஆங்கில நாடகமும் உரியன, கூத்து களத்துமேட்டிற்கு உரியது என்றொரு பிரிவு மெல்ல வேரூன்றியது. மறுபுறம் இந்தியாவிலிருந்து கர்நாடக சங்கீதமும் பரதநாட்டியமும் உயர்கலைகளாக வந்து சேர்ந்தன. பரதநாட்டியம் என்னும் அப்பெயரும் 1930களில் நிலைபெற்றதே. அதற்குமுன் சதிர் என்றும் தாசியாட்டம் என்றும் இகழ்ந்தோர் பலர். ஆடற்கலை புதுப்பெயர் பெற்று உயர்ந்தது. அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த பெண்களோ பெரும்பாலும் அவ்வுயர்விலே பங்கு பெறவில்லை.

நமது கூத்துக்கும் ஒரு புதுப்பெயர் வந்தது. கிராமத்தார் வெறுமனே கூத்து என்றதைக் கற்றோர் நாட்டுக்கூத்து என்றனர். அடைமொழி ஒன்று சேர்ந்ததும் அதற்கு வெளியே வேறேதோ பெரிய கலை இருப்பதாகப் பொருள்பட்டது. ஆயினும் இப்பெயரினாலே விளைந்த நன்மையையும் சொல்லாது விடலாகாது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை வகித்துக் கூத்தினைத் தேடி ஊரூராகச் சென்றார். 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், அதன்பின் இராவணேசன் எனப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டே கூத்துக்களை மேடையேற்றினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் மாணவர்க்கு ஆட்டம் பழக்கினார். விடிய விடிய ஆடுங் கூத்து சில நாழிகைகளுள் சுருங்கியது. வட்டக்களரி ஒருபக்கம் திறந்த மேடையாயிற்று. நாணி ஒதுங்கிய படித்த தமிழர் நிமிர்ந்து பார்த்தனர்.

இம்முயற்சிக்கு ஊக்கமளித்தது 1956இல் எதிரிவீர சரச்சந்திர அரங்கேற்றிய மனமே என்னும் சிங்கள நாடகம் என்பது நினைக்கத்தக்கது. அது சிங்கள நாடகம என்னும் வகையை ஆதாரமாகக் கொண்டது. அந்த நாடகமவோ தமிழ்க் கூத்திலிருந்து, கத்தோலிக்கர் வாழ்ந்த கடற்கரை வழியே சிங்களத்துக்குச் சென்றது. நாம் கொடுத்தது சிங்களத்திலே மதிப்புப்பெற்ற பின்னரே நம் வீட்டுப் பொருளின் அருமையை நாம் உணர்ந்தோம்!

மேடையேறியதால் கூத்துக்கு வந்தது வாழ்வா, இழப்பா என்னும் வாதம் இன்றளவும் ஓயவில்லை. வித்தியானந்தனின் மாணவரான பேராசிரியர் சி. மௌனகுரு 1969இல் சங்காரம் என்னும் நாடகத்திலே வடமோடி ஆட்டத்தைக்கொண்டு புதிய சமூகக் கருத்தைச் சொன்னார். பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் என்னும் பேராய்வை 1998இல் நூலாக்கினார். கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கரும் அவரோடு இயங்கிய மூன்றாவது கண் குழுவினரும் வேறொரு வழியைக் காட்டினர். கூத்தினை ஊரைவிட்டு மேடைக்குக் கொண்டுசெல்லாமல், ஊருக்குள்ளேயே, வட்டக்களரியிலேயே, ஊராரோடு இருந்து அதன் கதையையும் கருத்தையும் மீளுருவாக்குதல் அவர்தம் நெறி. போர்க்காலத்திலே இரவு முழுதும் ஒன்றுகூடுதல் அரிதாகிக் களரிகள் பல வெறிச்சோடிய பின்னர், இவ்வழியின் அருமை நன்கு புலப்படும். இருவழியாரும் ஒன்றையே விரும்பினர். ஒருசாரார் கூத்தின் மதிப்பைக் காக்க முயன்றனர், மற்றொரு சாரார் கூத்தின் மண்ணைக் காக்க முயன்றனர்.

வாவிக்கரையிற் கேட்ட வயலின்

இனி நம்மவர் பலர் கலையென்று ஒப்பத் தயங்கும் ஒன்றைக் கூறுவோம். 1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பிலே கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பத்தாண்டு ஆட்சி பறிபோயிற்று. போர்த்துக்கேயர் வழிவந்த பாட்டோ போகவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் தங்கள் போர்த்துக்கேயக் கலப்புமொழியையும், கலியாண வீடுகளில் வயலினோடு ஆடும் கப்பிரிஞ்ஞா என்னும் ஆடலையும் தலைமுறைகள் பல கடந்து போற்றிவந்தனர். ஆபிரிக்கரைக் குறித்த காப்பிரி என்னும் சொல்லோடு அப்பெயர் தொடர்புடையது. அவ்வாடல் ஒன்றிலேயே மூன்று கண்டங்கள் கைகோத்து நிற்கின்றன.

கப்பிரிஞ்ஞாவின் தாளம் மும்மூன்றாய்த் துள்ளுவது. நமது திசிர நடைக்கு அணுக்கமானது. அந்தத் தாளத்தின் வழியிலேதான் பைலா பிறந்தது. ஆடுதல் என்னும் போர்த்துக்கேயச் சொல்லே அப்பெயர். பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியன் 1940களில் அதனைச் சிங்களப் பாட்டாக்கிப் பரப்பினார். பின்னர் நித்தி கனகரத்தினம் போன்றோர் அத்துள்ளலைத் தமிழுக்குக் கொண்டுவந்தனர்; 1970களில் பொப் என்னும் பெயரோடு அது இலங்கைத் தமிழர் வீடெங்கும் புகுந்தது. ஏ. ஈ. மனோகரன் பாடிய சுராங்கனி கடல் தாண்டித் தமிழ்நாட்டையும் ஆட்டிவைத்தது. இதனைச் சங்கீத வித்துவான்கள் இசையென்று கொள்ளவில்லை. பண்பாடு கெட்டதென்று பெரியோர் சிலர் வருந்தினர். ஆனால் பொப் என்னும் பெயரை நீக்கிவிட்டுக் கேட்டால், அதனுள்ளே நமது வாவிக்கரைப் பறங்கியர் வீட்டுக் கலியாணத்தின் ஓசை கேட்கும். வெளிநாட்டுச் சரக்கென்று நாம் விலக்கியது நானூறாண்டாக நம் அயல்வீட்டில் இருந்தது.

பெயரும் வாயிற்காவலும்

வகைப்பெயரின் மிகப் பெரிய வல்லமை வானொலியிலும் வாணிகத்திலும் வெளிப்பட்டது. 1952இல் இந்தியாவின் தகவல் அமைச்சரான கேஸ்கர், சினிமாப் பாட்டுத் தரங்குறைந்த வகையென்று கருதி, அகில இந்திய வானொலியில் அதனை ஒடுக்கிச் சாஸ்திரீய சங்கீதத்துக்கு இடம்பெருக்கினார். நேயர்கள் சாஸ்திரீயத்துக்குத் திரும்பினார்களா? இல்லை, அவர்கள் றேடியோ சிலோனுக்குத் திரும்பினார்கள். முடிவிலே 1957இல் இந்திய வானொலி விவித பாரதி என்னும் சேவையைத் தொடங்கி மெல்லிய பாட்டுக்கு இடங்கொடுக்க நேர்ந்தது.

அமெரிக்காவின் கதை இன்னும் கசப்பானது. 1920இல் மேமி ஸ்மித் என்னும் கறுப்பினப் பாடகியின் புளூஸ் இசைத்தட்டுப் பெருந்தொகையாக விற்பனையானதும், கம்பனிகள் கறுப்பின மக்களின் பாட்டையெல்லாம் இனப்பெயரால் ஒரு பட்டியலிலும், தென்பகுதி ஏழை வெள்ளையரின் பாட்டை மலைவாசிப் பாட்டென்று வேறொரு பட்டியலிலும் அடைத்தன. இருசாராரும் அயலவர், ஒருவர் பாட்டை மற்றவர் கேட்டே வளர்ந்தவர். பாட்டுக்கிடையே இல்லாத சுவரை விலைப்பட்டியல் எழுப்பியது. 1949இல் பில்போட் என்னும் பத்திரிகை அந்த இனப்பெயரை நீக்கி ரிதம் அன்ட் புளூஸ் என மாற்றியது. பெயர் மாறியது, சுவர் இடிவதற்கு இன்னும் நெடுங்காலம் பிடித்தது.

எனவே வகை என்பதற்கு மூன்று தொழில்கள் உண்டென நாம் காண்கின்றோம். கலைஞனுக்கு அது கருவி. காண்போனுக்கு அது உடன்படிக்கை. நிறுவனத்துக்கு அது வாயிற்காவல். முதலிரண்டும் கலையை வளர்ப்பன. மூன்றாவது, யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்பதைத் தீர்மானிப்பது. பாட்டின் பெயரைக் கேட்பதுபோலக் கேட்டுப் பாடுவோனின் சாதியையும் ஊரையும் கணிக்கும் தீமை அங்கேதான் நுழைகின்றது. பறைமேளத்தின் அடவுகளையும் தாளங்களையும் நுணுகி ஆராய்ந்து பார்த்தா அது தாழ்ந்ததென்றோம்? அதனைக் கொட்டுவோர் யாரென்று பார்த்தே அல்லவோ அங்ஙனம் சொன்னோம்! நெஞ்சிற் கைவைத்துச் சிந்திக்கவேண்டிய வினா இது.

நாம் செய்யவேண்டுவன

நம்போன்ற இளைஞர் சங்கங்களும் கலைவிழா நடத்தும்போது வாயிற்காவலர்களே என்பதை மறத்தலாகாது. போட்டி விண்ணப்பத்திலே சாஸ்திரீய சங்கீதம் முதலாவதாகவும், நடனம் இரண்டாவதாகவும், மிஞ்சியதெல்லாம் கிராமியம் என்று ஈற்றிலும் அச்சிடும் வழக்கம் பொதுவாக உண்டு. வசந்தனும் மகிடியும் பறைமேளக்கூத்தும் இருமோடிக் கூத்தும் பொலிப்பாட்டும் ஒரே சாக்கினுள்ளே போடத்தக்கனவா? நெல்லின் இனங்களைப் பெயர்சொல்லிப் பிரித்தறியும் நாட்டிலே, பாட்டின் இனங்களை மாத்திரம் ஏன் ஒன்றாய்க் குவிக்கவேண்டும்?

ஆகவே மூன்று செயல்களை நாம் பணிவோடு முன்வைக்கின்றோம். ஒன்று: ஒவ்வொரு கலைவடிவத்தையும் அதனை ஆடுவோர் வழங்கும் பெயராலேயே விழாவில் அழைத்தல், அதனைக் கற்ற அண்ணாவியாரையே நடுவராக இருத்துதல். இரண்டு: இன்றிருக்கும் அண்ணாவியார்களிடமுள்ள தாளக்கட்டுகளையும் கூத்துக் கொப்பிகளையும் ஒலியாகவும் படமாகவும் எழுத்தாகவும் பதிந்து, ஊர்ப்பெயரோடும் குருவின் பெயரோடும் சேமித்தல். தி. சதாசிவ ஐயர் 1940இல் வசந்தன் கவிகளைத் திரட்டி அச்சேற்றியிராவிடின் அவற்றுட் பல இன்று நமக்கு எட்டியிரா, பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகத்தை எழுதியிராவிடின் நமது வழக்கங்கள் பலவற்றுக்குச் சான்றும் இராது. அவர்கள் கையிலே எழுதுகோல் மாத்திரமே இருந்தது. நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இன்று ஒலிப்பதிவுக் கருவி இருக்கின்றது. மூன்று: பறங்கியரின் கப்பிரிஞ்ஞாவையும் முஸ்லிம்களின் பொல்லடியையும் விருந்தாக மாத்திரமன்றி உறவாகவும் நமது மேடைக்கு அழைத்தல்.

புதுப்பாட்டுக் கட்டும் நம் இளைஞரை நோக்கி இஃதென்ன வகை என்று பெரியோர் வினவுவர். வினவுக, அது பெரியோரின் உரிமை. விடை சொல்லும் வரையிலும் பாட்டை நிறுத்திவைக்காதிருத்தல் இளைஞரின் கடமை. அதே வேளையில், மோடி அறியாது மோடியைக் கலப்பது புதுமையன்று, அது வறுமை. வடமோடி இன்னதென்று காலாலும், தென்மோடி இன்னதென்று செவியாலும் அறிந்தவனே இரண்டையும் கலந்து மூன்றாவதொன்றைப் படைக்கத் தகுதியுடையோன். அத்தகைய பயிற்சிக்கு இவ்வாண்டு வேளாண்மை வெட்டி முடிந்ததும் ஏதேனும் ஓர் ஊரிலே சட்டங்கொடுக்கும் நாளில் நம் அங்கத்தவர் பத்துப்பேராவது அண்ணாவியார் முன் சென்று நிற்பார்களாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் பெற்றவர்களாவோம்.